தடை அறிவிப்பின் ஒலி வடிவம்

வாசிப்பாளரின் கணினி ஒவ்வொரு முறையும் சரியாகப் பதினோராவது நிமிடத்தில் நின்றது.

ஒரு நாள் எட்டாவது நிமிடம், மறுநாள் இருபதாவது நிமிடம் என்று நின்றிருந்தால் சூடு என்றோ வயது என்றோ சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். இது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது போல நின்றது. திரையில் அவருடைய குரல் பச்சை அலைகளாக நெளிந்துகொண்டிருக்கும். பதினோராவது நிமிடத்தில் அலை அப்படியே உறையும். எந்த விசையைத் தட்டினாலும் பதில் இருக்காது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாக விழித்துக்கொள்ளும். பதிவு மட்டும் இருக்காது.

அவர் பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகத்துக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்பவர். வீட்டில் ஒரு சின்ன அறையின் நான்கு சுவரிலும் கம்பளி தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து வாசிப்பார். அவருக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. 'இதைச் செய், அதைச் செய்' என்று வரும் பகுதிகளைப் பதிவு செய்வதற்கு முன்னால் ஒருமுறை தாமே செய்து பார்த்துவிடுவார். கேட்பவரின் கை ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரம் வாசிப்பவரின் வாய் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தையல் புத்தகம் வந்த மாதம் வீட்டில் எல்லாத் திரைச்சீலைகளுக்கும் கொசுவம் வந்தது. உடற்பயிற்சிப் புத்தகம் வந்த மாதம் அவர் கழுத்துக்குப் பட்டை வந்தது.

இப்போது கையில் இருந்தது இயன்முறை மருத்துவப் பாடம். ஏழாவது பாடம், தோள்பட்டை. எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடிக்க அவர் கணவரின் தோளை மூன்று நாள் தடவி, அழுத்தி, திருகிப் பார்த்திருந்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "பாடம் முடிஞ்சா கையைத் திருப்பிக் குடுத்துடு, திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பாடம் வாசிக்க நாற்பத்திரண்டு நிமிடம் ஆகும். கணினி கொடுப்பது பதினொன்று.

இந்தப் பாடத்துக்காகக் காத்திருந்தவள் ஒரு பெண். வாசிப்பாளரின் செல்பேசியில் அவள் பெயர் 'எண்ணெய்க்கை'. பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவள். ஒரு சிகிச்சை நிலையத்தில் உதவியாளராக, நாள் முழுக்க மற்றவர்களின் முதுகையும் முழங்காலையும் எண்ணெய் போட்டுப் பிசைபவள். காதில் பாடம் ஓடிக்கொண்டிருக்கும், கை யாருடைய முதுகிலோ இருக்கும். இருபதாம் தேதி தேர்வு. தேறினால் சிகிச்சையாளர். தவறினால் அடுத்த தேர்வுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

வாசிப்பாளர் முதலில் தம்மைத்தான் சந்தேகப்பட்டார். மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசித்தார். பதினொன்று. வேகமாக வாசித்தார். பதினொன்று. கவிதை வாசித்தார். அதற்கும் பதினொன்று. கடைசியில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு எதுவுமே பேசாமல், மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மௌனத்துக்கும் அதே பதினொன்றுதான்.

இந்த மௌனப் பரிசோதனை நல்ல பரிசோதனை. கணினியைப் பொறுத்தவரை ஒரு நிமிடப் பேச்சும் ஒரு நிமிட மௌனமும் ஒரே எடை. நொடிக்கு இத்தனை ஆயிரம் எண் என்று அது எழுதிக்கொண்டே போகும். நீங்கள் பேசினால் பெரிய எண்களை எழுதும், பேசாவிட்டால் பூஜ்யங்களை எழுதும். எழுதுவதற்கு இடம் மட்டும் ஒரே அளவு வேண்டும். ஆகவே சிக்கல் குரலில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

கணினிக்குள் இடம் இரண்டு வகை. ஒன்று மேசை, இன்னொன்று அலமாரி. வேலை நடப்பது மேசையில். அதற்கு நினைவகம் என்று பெயர், கடையில் ரேம் என்பார்கள். வேலை முடிந்ததைக் கொண்டுபோய் வைப்பது அலமாரியில், அது சேமிப்பகம். மேசை நிரம்பினால் கணினி சில தாள்களை அலமாரிக்கு மாற்றிச் சமாளிக்கும். வாசிப்பாளரின் அலமாரியில் ஒன்பது வருடப் பாடப்புத்தகங்கள் மூச்சுவிட இடமில்லாமல் நின்றன. மேசையோ நான்கு ஜிபி. கணினி வாங்கிய காலத்தில் அது தாராளமான மேசை. அதன்பின் ஒவ்வொரு மென்பொருள் புதுப்பிப்பும் ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனது. மிச்சமிருந்த மூலையில் பதினொரு நிமிடக் குரல்தான் உட்கார முடிந்தது.

துண்டு துண்டாகப் பதிவு செய்யலாமே என்று யாருக்கும் தோன்றும். அவரும் நான்கு நான்கு நிமிடமாகப் பதினொரு துண்டு செய்தார். மறுநாள் எண்ணெய்க்கை கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? பாடத்துல ஒருத்தருக்குக் கையைத் தூக்க முடியல. சரி. உடனே அவருக்கு எல்லாம் குணமாகி வீட்டுக்குப் போயிட்டாரு. அப்புறம்தான் அவருக்கு எங்க வலின்னே கேக்கிறாங்க. டாக்டர் ரொம்ப கெட்டிக்காரரா?"

அவள் பாடம் கேட்கும் கருவி ஒன்றாம் துண்டுக்குப் பிறகு பத்தாம் துண்டைப் போட்டிருந்தது. அதற்கு எழுத்து வரிசைதான் தெரியும். ஒன்றில் தொடங்குவதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் இரண்டுக்கு வரும். வாசிப்பாளர் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு அதைச் சரிசெய்தார். ஆனால் ஒவ்வொரு துண்டு முடிந்ததும் கருவி நின்று, அடுத்த துண்டுக்குப் பொத்தானை அழுத்தச் சொன்னது. எண்ணெய்க் கையோடு ஒரு நாளில் நூறு தடவை அழுத்தியதில் பொத்தான் வழுக்க ஆரம்பித்தது. துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கலாம் என்று பார்த்தால், ஒட்டுவதற்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்ப வேண்டும். மேசைதான் இல்லையே.

"பெரிய ரேம் ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுது" என்றார் லிஃப்ட் மெக்கானிக், கணினியைக் கவிழ்த்துப் பார்த்து. பின்பக்கம் ஒரு சின்ன மூடி இருந்தது. அதில் நான்கு ஸ்க்ரூ. நான்கையும் மூடிக்கொண்டு ஒரு வெள்ளி நிற முத்திரை ஒட்டியிருந்தது. 'கணினி உட்புறக் காப்பு ஆணையம். உள்ளே உங்களுக்கு உரியது எதுவும் இல்லை' என்று அதில் அச்சிட்டிருந்தது.

"நீங்களே தொறந்துடுங்களேன்."

"அரசாங்க முத்திரை எதை உடைச்சாலும் என் லிஃப்ட் லைசென்ஸ் போயிடும். நீ உடைச்சா வருத்தம் தெரிவிச்சு ஒரு கடிதாசிதான் வரும். எதுக்கும் ஒரு தடவை அவங்களையே போய்க் கேட்டுடு."

ஆணையத்துக்குப் போகும் வழியில் ஒரு கணினிக் கடை இருந்தது. எட்டு ஜிபி ரேம் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிப்படையாகவே கிடந்தது. விரல் நீளத்தில் பச்சைப் பட்டை, கீழ் விளிம்பில் தங்க நிறப் பற்கள்.

"இதை விக்கலாமா?" என்று கேட்டார் வாசிப்பாளர்.

"தாராளமா. ஆணையத்துக்கு அதிகாரம் கம்ப்யூட்டர் உள்ளதான். இது வெளியில இருக்கு" என்றார் கடைக்காரர். ரசீதில் 'புத்தக அடையாள அட்டை, ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார். வாசிப்பாளர் அதை ஏழாவது பாடத்தின் நடுவில் வைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஐந்து நாளும் அவருக்குத் தேவையான தீர்வு அவருடைய தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆணையத்தின் கட்டிடம் பெரியது. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் 'மிதநினைவு ஆலோசனை' என்று ஓர் அறை. யாராக இருந்தாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும். ஆலோசகர் மென்மையான மனிதர். பேசும்போது கைகளைக் கோத்துக்கொள்வார்.

"நாலு போதலைன்னு எப்ப இருந்து தோணுது?"

"பதினொண்ணாவது நிமிஷத்துல இருந்து."

ஆலோசகர் குறித்துக்கொண்டார். "மேடம், நீங்க வகை மூணு. வாசிக்கிறவங்க, எழுதறவங்க, கணக்குப் பாக்கிறவங்க. உங்களுக்கு நாலு. படம் எடுக்கிறவங்க வகை நாலு, அவங்களுக்கு எட்டு. ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு தேவைன்னு நாங்க ரொம்ப யோசிச்சு முடிவு பண்ணியிருக்கோம். அது தேவையை விடக் கம்மியா இருந்தா, தேவையைத்தான் நாம பரிசீலிக்கணும்."

"பாடம் நாப்பத்திரண்டு நிமிஷம் சார்."

"நாலு மடங்கு வேகமா வாசிச்சுப் பாத்தீங்களா?"

"புரியாதே."

"புரியறது கேக்கிறவங்க பொறுப்பு. நீங்க அதையும் உங்க மேல ஏத்திக்கிறீங்க. அங்கதான் நினைவகம் வீணாகுது."

புதிய கணினி வாங்குவதையும் அவர் பரிந்துரைத்தார். பழையதை ஒப்படைத்தால் அதற்குப் பிரியாவிடைச் சான்றிதழும், ஒரு நிமிட மௌனமும் உண்டு. புதியதில் எவ்வளவு நினைவகம் என்று வாசிப்பாளர் கேட்டார். வகை மூன்றுக்கு எப்போதும் நான்குதான், ஆனால் புதியது இரண்டு மில்லிமீட்டர் மெலிது என்றார் ஆலோசகர்.

"அப்ப அதுவும் பதினொண்ணாவது நிமிஷத்துல நிக்கும்."

"நிக்கும். ஆனா பாக்க நல்லா இருக்கும்."

வாசிப்பாளர் விண்ணப்பப் படிவம் கேட்டார். ஆலோசகர் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது பத்தியில், 'மாற்ற விரும்பும் நினைவகம் தற்போது பொருந்தியுள்ள நிலையில் எடுத்த புகைப்படத்தை இணைக்கவும்' என்று இருந்தது.

"போட்டோ எடுக்கத் தொறக்கணுமே. தொறக்க அனுமதி வேணுமே. அதுக்குத்தானே இந்தப் படிவம்?"

"ஆமா" என்றார் ஆலோசகர் பெருமையாக. "நிறையப் பேர் முதல் பத்தியிலயே நின்னுடுவாங்க. நீங்க மூணாவது வரைக்கும் வந்துட்டீங்க."

படிவத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்த வாசிப்பாளர் படியிறங்குவதற்குள், பின்னால் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் ஏழு பேனா. ஆணையத்தின் தடை எழுத்தர். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று எழுதுவது அவர் வேலை.

"ஒலி நூலகத்துல இருந்து வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. உங்களுக்குத்தான் நாலு நாளா கடிதம் எழுதிக்கிட்டு இருக்கேன். இன்னும் முடியல. ஒரு நிமிஷம் வாங்கம்மா."

அவர் அறையின் சுவர் முழுவதும் ஒரே ஒரு சுவரொட்டி. பதினான்காம் எண் தடை அறிவிப்பு. தடை எழுத்தர் அதன் முன்னால், குழந்தையைக் காட்டுகிறவர் போல ஒதுங்கி நின்றார்.

"முன்னாடி எல்லாம் 'கணினியைத் திறக்கக் கூடாது'ன்னு ஒரே வரிதான் இருந்துச்சு. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. மக்களுக்கு எதைத் தொடக் கூடாதுன்னு எப்படித் தெரியும்? தெரியாத்தனமா சரியான ஸ்க்ரூவைக் கழட்டிட்டா? அதான் ஒவ்வொண்ணா, வரிசையா, அளவோட எழுதினேன். ஒவ்வொரு படியையும் நாப்பது தடவை செஞ்சு பாத்துட்டுத்தான் தடை போட்டிருக்கேன்."

வாசிப்பாளருக்கு முதன்முறையாக அந்தக் கட்டிடத்தில் ஒருவரிடம் மரியாதை வந்தது. செய்து பார்த்துவிட்டு எழுதுகிறவர்.

"இப்ப புது விதி. எல்லா அறிவிப்பும் பார்வை இல்லாதவங்களுக்கும் போய்ச் சேரணும். ஒலி வடிவம் வேணும். பத்தொன்பது நிமிஷம் வரும். வர்ற திங்கக்கிழமைக்குள்ள நீங்கதான் வாசிச்சுக் குடுக்கணும்."

"என் கம்ப்யூட்டர் பதினொண்ணுல நின்னுடும்."

தடை எழுத்தர் சுவரொட்டியைப் பார்த்தார். விரலால் வரிகளைத் தொட்டு, உதடு அசைய, மனதுக்குள் வாசித்துக்கொண்டே போனார். ஆறாவது விதியில் விரல் நின்றது.

"ஐயோ. அப்ப ஆறு வரைக்கும்தான் அவங்களுக்குக் கூடாதுன்னு தெரியும். ஏழாவதுல இருந்து எல்லாத்தையும் நல்ல மனசோட செஞ்சுடுவாங்களே."

"சுருக்கலாமே."

"எந்த விதியைச் சுருக்கறது? எதைச் சுருக்கினாலும் அது அனுமதிச்ச மாதிரி ஆயிடும்மா."

இப்படித்தான் பிரச்சினை ஆணையத்தின் முழுக் கூட்டத்துக்குப் போனது. நினைவகத்தை மாற்றக் கூடாது என்ற அறிவிப்பைப் பதிவு செய்வதற்காக, நினைவகத்தை மாற்ற ஒருவருக்கு அனுமதி தரலாமா? வெள்ளிக்கிழமை காலை கூட்டம். வாசிப்பாளரை நீள மேசையின் ஒரு முனையில் உட்காரவைத்தார்கள். மறுமுனையில் தலைவர். அவருக்கு அருகில் மெலிவுத் துறை உறுப்பினர்.

வரவேற்புரை நடந்தது. கூட்டத்தைப் பதிவு செய்ய ஒரு கணினி வைத்திருந்தார்கள். பதினோராவது நிமிடத்தில் அதன் திரையில் பச்சை அலை உறைந்ததை வாசிப்பாளர் கவனித்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆணையத்தின் எல்லாக் கூட்டங்களும் வரவேற்புரையோடு இனிதே முடிந்ததாகத்தான் ஆவணங்களில் இருக்கின்றன என்பது பிறகு தெரியவந்தது.

மெலிவுத் துறை உறுப்பினர் எழுந்தார். மூன்று விரல் தடிமனுள்ள பஞ்சு வைத்த பெட்டி ஒன்றைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு கணினியை இரண்டு கைகளாலும் எடுத்தார்.

"பாருங்க. காகிதம் மாதிரி. ரேம் மாத்த ஒரு இடம் வைக்கணும்னா ரெண்டு மில்லிமீட்டர் கூடும். ரெண்டு மில்லிமீட்டர்ங்கறது சின்ன விஷயம் இல்ல."

"அந்தப் பெட்டி எதுக்குங்க?" என்று கேட்டார் வாசிப்பாளர்.

"பெட்டி இல்லாம தூக்கினா வளைஞ்சுடும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.

"நாங்க மக்களுக்கு எதிரி இல்லம்மா. இதை முதல்ல நீங்க புரிஞ்சுக்கணும். ஒருத்தர் ரேம் மாத்தறாருன்னு வைங்க. மாத்தினதும் கம்ப்யூட்டர் நல்லா ஓடுது. அங்கதான் ஆபத்து. ரெண்டு வருஷம் கழிச்சு ஹார்ட் டிஸ்கையும் மாத்துவாரு. அதுவும் ஓடும். இப்படியே ஒரே கம்ப்யூட்டரைப் பத்து வருஷம் ஓட்டிடுவாரு. பத்து வருஷம் ஒரு மனுஷன் இந்தக் கட்டிடத்துப் பக்கமே வராம இருந்தா, அவருக்குன்னு யாரு இருக்கா? நாங்க அவரை அநாதையா விட்டுட்ட மாதிரி ஆயிடாதா?"

மேசையைச் சுற்றித் தலைகள் வருத்தத்தோடு அசைந்தன.

"மக்கள் கை நடுங்கும்னு சொல்றோம். நடுங்காதுன்னு சில நிபுணருங்க சொல்றாங்க. நடுங்கலைன்னா இன்னும் மோசம். இன்னிக்கு இந்த மூடியைத் தொறந்து பாப்பாங்க, உள்ள ஒண்ணும் பெரிசா இல்லைன்னு தெரிஞ்சுடும். நாளைக்கு வேற மூடியைத் தொறப்பாங்க. ஒரு நாடு எத்தனை மூடியைத் தாங்கும்?"

"உங்க கம்ப்யூட்டர்ல எவ்வளவு ரேம் சார்?"

"முப்பத்திரண்டு. நான் எல்லாருக்கும் சேர்த்து யோசிக்கணும் இல்லையா. முன்னாடி பதினாறு இருந்துச்சு."

"மாத்தினீங்களா?"

"மாத்தல" என்றார் தலைவர் அமைதியாக. "அது பதவி உயர்வு."

வாசிப்பாளர் எண்ணெய்க்கையைப் பற்றிச் சொன்னார். தேர்வு இருபதாம் தேதி, தோள்பட்டைப் பாடம் இல்லாமல் தேறுவது கடினம், தவறினால் மூன்று வருடம் என்றார். தலைவர் கண் கலங்கக் கேட்டார். அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம் என்றார். அதுவும் உடனே நிறைவேறியது.

பிறகு முக்கியத் தீர்மானம். நீண்ட ஆலோசனைக்குப் பின் ஆணையம் அனுமதி கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. விண்ணப்பதாரர் பதினான்காம் எண் தடை அறிவிப்பின் ஒலி வடிவத்தை முழுவதும் கேட்டு, புரிந்துகொண்டதாகக் கையெழுத்திட்ட பிறகுதான் மூடியைத் திறக்கலாம்.

"ஒலி வடிவம் இன்னும் இல்லையே. அதை உண்டாக்கத்தானே அனுமதி கேக்கிறேன்?"

"அதனாலதான் சீக்கிரம் வாசிச்சுக் குடுத்துடுங்கன்னு சொல்றோம்" என்றார் தலைவர்.

படிக்கட்டில் தடை எழுத்தர் காத்திருந்தார். கையில் சுருட்டி வைத்திருந்த அறிவிப்பின் அச்சுப் பிரதியை அவரிடம் நீட்டினார்.

"ஏதாவது வழி பண்ணுங்கம்மா. பாதித் தடை ரொம்ப ஆபத்து."

"இதுல எல்லாமே இருக்கா சார்? ஒண்ணும் விட்டுப்போகலையே?"

"ஒரு ஸ்க்ரூ கூட" என்றார் அவர், அடிபட்ட குரலில்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கணினியைக் கவிழ்த்து வைத்திருந்தார் வாசிப்பாளர். பக்கத்தில் ஏழாவது பாடம், அதற்குள் புத்தக அடையாள அட்டை. கணவர் எதிரே, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் பயம்.

"என்ன பண்ணப் போற?"

"வழக்கம்தான். நாளைக்கு இந்த அறிவிப்பை வாசிக்கணும். எங்க நிறுத்தணும்னு செஞ்சு பாக்காம எனக்கு வாசிக்க வராது. நீங்க படிங்க, நான் செய்யறேன்."

கணவர் மூக்கிலிருந்த கண்ணாடி வழியாகத் தாளைக் குனிந்து பார்த்தார். தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"விதி ஒன்று. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, குழாய் போன்ற ஏதாவது உலோகத்தை ஒருமுறை தொட்டால் உடலில் உள்ள மின்னூட்டம் இறங்கிவிடும். அப்படித் தொடக் கூடாது."

வாசிப்பாளர் எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் தொட்டுவிட்டு வந்தார். கம்பளித் துணிக்கு அருகில் போய்வரும் உடம்பில் கொஞ்சம் மின்சாரம் ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு அது தெரியாது. நினைவகத்துக்கு அது இடி.

"விதி இரண்டு. ஆணையத்தின் முத்திரையை ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடாக்கினால் பசை இளகி, கிழியாமல் உரிந்து வரும். அப்படிச் சூடாக்கக் கூடாது. விதி மூன்று. வேலை முடிந்ததும் அதே இடத்தில் ஒட்டினால் வித்தியாசம் தெரியாது. அப்படி ஒட்டக் கூடாது." கணவர் நிமிர்ந்தார். "யாரு எழுதினது இதை? எங்க கம்பெனி கையேடெல்லாம் இவர்கிட்ட பிச்சை வாங்கணும்."

"நிறுத்தாதீங்க. முப்பது நொடி ஆகுதா பாருங்க."

சரியாக முப்பது நொடி. முத்திரை தோல் உரிவது போல முழுதாக வந்தது. நான்கு ஸ்க்ரூவும் கழன்றன. மூடிக்கு அடியில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்றில் பழைய நான்கு ஜிபி படுத்திருந்தது. இன்னொன்று காலி. பச்சைப் பட்டையின் அளவுக்கு வெட்டி, இருபுறமும் கவ்வி வைத்து, கணினி செய்த நாளிலிருந்தே யாரோ வருவார்கள் என்று காத்திருந்த காலி இடம். வாசிப்பாளர் ஏழாவது பாடத்திலிருந்து புத்தக அடையாள அட்டையை எடுத்தார்.

பதினைந்து விதிகளையும் செய்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதில் ஐந்து நிமிடம் கணவர் சிரித்தது.

கணினியைப் போட்டதும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கருப்புத் திரை நின்றது. விதி பதினைந்தில் அதுவும் இருந்தது: 'புதிய மேசையை அளந்து பார்க்கிறது, பயப்படக் கூடாது.' அந்த ஒரு விதி மட்டும் தடையா ஆறுதலா என்று சொல்வது கடினம். பிறகு திரை விழித்தது. வாசிப்பாளர் கம்பளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏழாவது பாடத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பதினோராவது நிமிடத்தில் அவர் தோள் மூட்டின் கிண்ணத்தில் இருந்தார். பன்னிரண்டாவது நிமிடத்தில் அங்கிருந்து மேல்கைக்கு இறங்கினார். பச்சை அலை நெளிந்துகொண்டே இருந்தது. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் தோள்பட்டை முடிந்தது.

திங்கட்கிழமை அறிவிப்பையும் பதிவு செய்தார். பத்தொன்பது நிமிடம். ஒவ்வொரு விதியிலும் கை முடிக்கும்வரை வாய் காத்திருந்தது. அதன் பிறகே 'கூடாது' வந்தது. சரிபார்ப்பதற்காக முழுவதையும் ஒருமுறை கேட்டார், புரிந்துகொண்டதாகக் கையெழுத்திட்டார், இரண்டையும் ஆணையத்துக்கு அனுப்பினார். நிபந்தனை நிறைவேறியதால் நினைவகத்தை மாற்ற அனுமதி வழங்கப்படுவதாகவும், மாற்றிய பின் ஒலி வடிவத்தைப் பதிவு செய்து அனுப்புமாறும் பதில் வந்தது. தடை எழுத்தர் தனியாக ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். 'நிறுத்தங்கள் மிகச் சரி. ஏழாவதில் நீங்கள் விட்ட நான்கு நொடி, நானும் நாற்பது தடவையும் அவ்வளவுதான் எடுத்தேன்.'

அறிவிப்பு ஒலி நூலகத்திலும் சேர்ந்தது. அந்த மாதம் அங்கே அதிகமாக இரவல் போனது ஒரு நாவல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாவல் இரண்டாம் இடம்.

எண்ணெய்க்கை தேறினாள். தோள்பட்டையில் மட்டும் இரண்டு கேள்வி வந்திருந்தது. சிகிச்சையாளரான மூன்றாவது வாரம், ஒரு மதியம் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க நிலையத்துக் கம்ப்யூட்டர் நோயாளி பேரை அடிச்சா, அவர் குணமாகிப் போன பிறகுதான் காட்டுது. எதைச் செய்யக் கூடாதுன்னு நீங்க சொன்னதை முழுசாக் கேட்டேன். ரேம் வாங்கிட்டேன். இப்ப மூடி கழண்டு மடியில இருக்கு."

"கையைக் கழுவிட்டியா?"

"சோப்பு போட்டு. ரெண்டு தடவை. குழாயையும் தொட்டாச்சு. இங்க ஒரு பள்ளம் காலியா இருக்கு, ரெண்டு பக்கமும் தோள் மாதிரி கவ்வி. அடுத்தது மறந்துடுச்சு."

"பட்டையை ஓரத்துல மட்டும் பிடி. பல் வரிசையில ஒரு வெட்டு இருக்கும், தடவிப் பாரு. பள்ளத்துல அதுக்கு நேரா ஒரு மேடு இருக்கும். ரெண்டையும் சேர்த்து, கொஞ்சம் சாய்வா, முப்பது டிகிரியில உள்ள தள்ளு. பல் மறையணும். அப்புறம் ரெண்டு கவ்வியும் 'டக்'குனு சொல்ற வரைக்கும் கீழ அழுத்து. மூடியை வச்சு நாலு ஸ்க்ரூவையும் முடுக்கிட்டு, கம்ப்யூட்டரைப் போடு."

நான்கு நொடி வாசிப்பாளர் காத்திருந்தார். போனில் 'டக்' என்று கேட்டது.